கபடி நடத்தும் கமிட்டிகளுக்கு: விழுந்தவன் கையை இழுக்காதீர்கள்

உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர்ப் பக்கம் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி நடத்துகிற கமிட்டி அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பத்து வருடம் இந்தப் பக்கத்துக் களங்களில் பாடிப் போனவன் நான். ரொக்கப் பரிசு, கோப்பை, லைட், மைக் செட், வெளியூர் டீமுக்குச் சோறு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். அடிபட்டவனுக்கு மட்டும் களத்தோரம் ஒரு ஸ்ப்ரே டப்பாதான் இருக்கிறது.

ஒரு ராத்திரி ஆட்டத்தில் கோட்டைத் தொடக் கையை நீட்டியபடி விழுந்தேன், மேலே நாலு பேர் விழுந்தார்கள். வலது தோள் மூட்டு இடம்விட்டு இறங்கிவிட்டது. பெரியவர் ஒருவர் அக்குளில் காலைக் கொடுத்துக் கையை இழுத்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் மேற்கை எலும்பின் தலைப்பக்கம் உடைந்திருந்தது, தோளின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய்க் கிடந்தது. விழுந்ததில் உடைந்ததா, இழுத்ததில் உடைந்ததா, நரம்பு எப்போது நசுங்கியது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரே பார்க்காமல் இறங்கிய தோளைத் திரும்ப ஏற்றக் கூடாது என்பது இதற்காகத்தான்.

அதனால் கை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். தோள் துண்டை மடித்துத் தூளி மாதிரி கழுத்தில் கட்டி, கையை நெஞ்சோடு சேர்த்து இன்னொரு துண்டால் கட்டி அனுப்புங்கள், போதும். முன்கையோ முழங்காலுக்குக் கீழோ உடைந்த மாதிரி தெரிந்தால் மூங்கில் தப்பையோ கெட்டியான அட்டையோ வைத்து, உடைந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்ட வேண்டும். காப்பு, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறும் முன்னே கழற்றிவிடுங்கள். கட்டிய பிறகு விரல்களைப் பாருங்கள்: வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் கூடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, ஆனால் ரத்தம் போகாமல் சில மணி நேரம் இருந்தாலே தசை செத்துப்போகும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான துணியால் மூடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், ஆகவே சோடா, டீ எதுவும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்த ஸ்ப்ரே. கரண்டைக்கால் பிசகியவனுக்கு அதை அடித்து மறுபடி ரெய்டு அனுப்புவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வலிதான் குறைகிறது, கிழிந்த தசைநார் கிழிந்தபடிதான் இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா டாக்டர்கள் 1992இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள்: நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கரண்டை எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. காலை உயரத்தில் வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் முதல் 2 நாளைக்கு வேண்டாம், உள்ளே கசியும் ரத்தம் கூடிவிடும்.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டு ஒருவன் கை கால் மரத்துப்போகிறது என்றால், தயவுசெய்து நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிப் பைக்கில் நடுவில் உட்கார வைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், காசு கிடையாது.

செலவு பெரிதில்லை: நாலு தப்பை, பத்து முழத் துணி, கிரேப் பேண்டேஜ், ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ். கூடவே ஆம்புலன்ஸ் களம் வரை வர வழிவிட்டுப் பந்தல் போடுங்கள். அடிபட்டவனை யாரும் தொட்டு இழுக்கக் கூடாது என்று ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் ஒருமுறை அறிவியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டால் நானே வந்து உங்கள் பையன்களுக்குத் தப்பை கட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் களங்களில் ஆடிய ஒருவன்