கிரிஸ்டலைக் கழற்றும் முன் வகுத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரு இடம்தான் உறுத்தியது. கமடோர் 64-இன் சீரியல் போர்ட், அதாவது தகவலை ஒவ்வொரு பிட்டாக வரிசையாக அனுப்பும் இணைப்பு, மெதுவாக ஓடியதற்கு பிராசசர்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதே 6502 பிராசசர் குடும்பம்தான், வேகம் கமடோரின் இரு மடங்கு என்பது சரி, ஆனால் அதன் சீரியல் போர்ட் 19200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வரை போனதே!

கமடோரின் கடிகாரம் டிவிக்காக அமைந்தது. ஐரோப்பிய மாடலில், கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 17.734475 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவின் பால் (PAL) முறை டிவியின் கலர் சிக்னலுக்கு சரியாக நான்கு மடங்கு. அதை 18-ஆல் வகுத்தால் பிராசசருக்குக் கிடைப்பது 0.985 மெகாஹெர்ட்ஸ். சீரியலுக்கென்று தனி சிப் வைக்கவில்லை, அதனால் ஒவ்வொரு பிட்டையும் டைமரை வைத்துக்கொண்டு மென்பொருளே எண்ணி எண்ணி அனுப்ப வேண்டும். 1200 பாடில் ஒரு பிட்டுக்கு சுமார் 820 சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) அவகாசம் உண்டு, 9600-க்குப் போனால் வெறும் 102. இதற்கு நடுவில் திரையை வரையும் சிப் எட்டு வரிக்கு ஒருமுறை பிராசசரை 40 சைக்கிளுக்கு மேல் நிறுத்தி வைக்கும். 820-இல் 40 போனால் தெரியாது. 102-இல் 40 போனால் என்ன மிஞ்சும்?

பிபிசி மைக்ரோவில் இதற்கென்றே 6850 என்ற சிப் இருந்தது. கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ். அதை 13-ஆல் வகுத்து, அப்புறம் 64-ஆல் வகுத்தால் 19231. வேண்டியது 19200, பிசகு 0.16 சதவீதம்தான். ஒரு எழுத்துக்குப் பத்து பிட், கடைசி பிட் வருவதற்குள் அரை பிட் நழுவாமல் இருந்தால் போதும், அதனால் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து சதவீதம் வரை தாங்கும். அந்த 13-ஐக் கண்டுபிடித்து வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டரும் இதுதான், உங்கள் வாசகர்களில் சிலராவது அதில் விரல் வைத்திருப்பார்கள்.

இது பழங்கதை என்று விடவும் முடியாது. நான் வேலை பார்த்த கல்லூரி லேபில் ஒருமுறை 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் உள்ள போர்டுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கிடைக்காமல் ஒரு பேட்ச் முழுக்க 12 மெகாஹெர்ட்ஸ் போட்டுவிட்டார்கள். 11.0592-ஐ 12, 32, 3 என்று வரிசையாக வகுத்தால் துல்லியமாக 9600; 12 மெகாஹெர்ட்ஸை வைத்து அதே கணக்குப் போட்டால் 10417, எட்டரை சதவீதம் தப்பு. திரையில் எழுத்துக்குப் பதில் கிறுக்கல். பிள்ளைகள் இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், பாவம். கடைசியில் கிரிஸ்டலைத் தொடாமல், புரோகிராமில் மாற்றக்கூடிய அந்த 3-ஐ 13 ஆக்கி 2400 பாடுக்கு இறக்கச் சொன்னேன். 2404 வந்தது, அதே 0.16 சதவீதப் பிசகு. முதல் எழுத்து சுத்தமாக விழுந்ததும் ஒரு பையன் ஓடிவந்து, "சார், அந்த 13 எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான்.

அடுத்த கட்டுரையில் அவனுக்கான பதிலையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், கோவை