வீதியின் பெயரே ஒரு தேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வைகைக் கரையில் நடைபாதை, பூங்கா, அலங்கார விளக்கு என்று பேச்சு எழும்போதெல்லாம் கணினியில் வரைந்த வண்ணப் படங்கள் வருகின்றன. அவற்றில் ஆட்களே இருக்க மாட்டார்கள். இருந்தால் நாலு பேர் கை வீசி நடப்பார்கள், ஒரு குழந்தை பலூன் பிடித்திருக்கும். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் சித்திரா பௌர்ணமி விடியலில் அதே இடம் எப்படி இருக்கும் என்று வரைந்த தாளைத்தான் காணோம்.

கட்டடக்கலைக் கோட்பாட்டில் இந்தக் குறையைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசுகிறார்கள். அதில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தில் 1944-ல் பிறந்த பெர்னார்ட் சூமி. கட்டடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல, அங்கே நடப்பதும் ஆட்கள் அசைவதும் சேர்ந்ததே கட்டடம் என்றார். ஒரு இடத்துக்கும் அதன் பயனுக்கும் யாரும் நிரந்தரமாகத் தாலி கட்டி வைக்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

மதுரைக்காரருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று நம் வீதிகளுக்குப் பெயரே நாட்காட்டியிலிருந்து வந்தது. மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. பெயர் ஒரு மாதம், ஓட்டம் வேறொரு மாதம். துணி துவைக்கும் கடைக்குள் சைக்கிள் ஓட்டலாமே என்று சூமி எழுதியது மேற்கில் பெரிய அதிரடி. இங்கே வசந்த விழாவுக்கென்று எழுப்பிய புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே எத்தனையோ ஆண்டு தையல் மிஷின் ஓடியது.

இதை வரைபடமாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கை வைத்து சூமி வரைந்த படங்களில் நிகழ்வுக்கு ஒரு புகைப்படம், இடத்துக்கு ஒரு வரைபடம், அசைவுக்கு ஒரு கோட்டுப்படம் என மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நம் ஆற்றங்கரைக்கும் அப்படி மூன்று தாள் போடலாம். முதல் தாளில் 1:200 அளவில் தரைமட்டம், படி, கைப்பிடிச் சுவர், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர். இரண்டாவதில் ஆட்கள் வரும் வழி, போகும் வழி, ஒவ்வொன்றின் மிகக் குறுகிய அகலம். மூன்றாவதில், வரும் அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு தொடங்கி மறுநாள் நண்பகல் வரை, அரைமணிக்கு ஒரு கட்டம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எங்கே இடிக்கும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, தடுப்புச் சுவரில் 3 மீட்டர் அகலத்தில் ஒரு படிக்கட்டு வாசல் என்று வைத்துக்கொள்வோம். படிகளில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 66 பேர்தான் போக முடியும். ஆக அந்த வாசலில் நிமிடத்துக்கு 200 பேர். 10,000 பேர் வெளியேற 50 நிமிடம். வரும்போது இது உறைக்காது, ஏனென்றால் கூட்டம் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அழகர் இறங்கிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள், பின்னால் இருப்பவருக்கு முன்னால் அடைத்திருப்பது தெரியாது. சதுர மீட்டருக்கு 4 பேர் வரை அவரவர் காலை அவரவர் நகர்த்தலாம். 6-ஐத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையும். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இருவர் இறந்ததை ஊர் மறந்திருக்காது. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வாசல் வைக்காமல், கரை நெடுகப் படித்துறையாகவே கட்ட வேண்டும். படி உயரம் 15 செ.மீ., அகலம் 30 செ.மீ., பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு சமதளம்.

தரையையும் நிகழ்வே தீர்மானிக்கட்டும். அழகர் வேடமிட்டவர்கள் ஆட்டுத்தோல் தோப்பறையில் தண்ணீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சிக்கொண்டே வருகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் வெறுங்கால். நனைந்த பளபள கிரானைட்டில் அந்தக் கால் என்ன ஆகும்? உளியால் கொத்திய கல் போட்டு, 60 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்தால் தண்ணீர் தேங்காது, காலும் வழுக்காது.

தேரோடும் வீதியில் வேறு சிக்கல். நேராகப் போகும்போது சக்கரம் உருள்கிறது. முக்கில் திரும்பும்போது முட்டுக்கட்டை கொடுத்து, தரையைத் தேய்த்துக்கொண்டே திருப்புகிறார்கள். மணல்மேல் பரப்பிய 60 மி.மீ. பேவர் கல் அந்த இழுப்பில் நகரும், ஓரம் உடையும். நான்கு முக்கிலாவது கெட்டியான கான்கிரீட்டோ பெரிய பலகைக் கல்லோ வேண்டும்.

சாமி வழியில் தங்கிப் போகும் மண்டகப்படிப் பந்தலுக்கு ஒவ்வோர் ஆண்டும் கடப்பாரையால் சாலையைக் குத்துகிறார்கள், பிறகு ஒட்டுப் போடுகிறார்கள். சாலை போடும்போதே 3 மீட்டர் இடைவெளியில் 100 மி.மீ. இரும்புக் குழாயை ஒன்றரை அடி ஆழத்துக்குப் பதித்து, அடியில் ஜல்லி கொட்டிவிட்டால் சவுக்குக் கம்பு தானாக நிற்கும். மூடியைச் சங்கிலியில் கோத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மூடி காணாமல் போய்க் குழியில் யாராவது கால் விடுவார்கள்.

சூமியை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். பாரிஸில் பழைய இறைச்சிக்கூட வளாகத்தில் சுமார் 55 ஹெக்டேரில் லா வில்லெட் பூங்காவை அமைத்தபோது, 120 மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புக் கட்டுமானங்களை நட்டார். எதுவும் நடக்கலாம் என்று விட்டதில் சில உணவகமாயின, சில எதற்கென்றே தெரியாமல் நின்றன. சிவப்புப் பெட்டி வைத்தால் திருவிழா வந்துவிடாது. நமக்கு விழா முன்பே இருக்கிறது, அதற்கு வழிவிட்டால் போதும்.

கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு சோதனையும் செய்யலாம். ஆடிப்பெருக்கன்று கரையில் திட்டமிட்ட சுவரும் வாசலும் வரும் இடங்களில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மாலை வரை இரண்டு பேர் நின்று எண்ணட்டும். கயிற்றை எங்கெல்லாம் தாண்டுகிறார்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தை அங்கே அழித்து எழுதலாம்.

இப்படிக்கு,
கட்டடக்கலை ஆசிரியர் ஒருவர்,
மதுரை.