துவைப்பது யார் என்று முதலில் கேள்

கிளாஸ்கோ,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பலாகப் பதில் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அத்தான் கூடத்தில், பிள்ளைகள் பக்கத்தில், அம்மா கட்டிலில். அம்மாவுக்குச் சிறுநீர் கசிவதை அத்தனை பேர் நடுவில் வைத்துப் பேசினால், அடுத்த தடவை அவள் நம் இருவரிடமும் வாயே திறக்கமாட்டாள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசு.

அம்மாவின் டயப்பர், உங்கள் நாப்கின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் துவைத்துப் பயன்படுத்துகிறவற்றுக்கு மாறிவிடலாமா என்று கேட்டாய். பணம் மிச்சமாகும், குப்பை குறையும் என்கிறாய். இரண்டும் சரிதான். ஆனாலும் ஒரேயடியாக மாறாதே என்றுதான் சொல்வேன். காரணத்தைச் சொல்ல இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாயே.

வந்த புதிதில் ஒரு பொது நூலகத்தின் கழிவறையில் கூடை நிறைய நாப்கின்களும் டாம்பன்களும் (உள்ளே வைக்கிற பஞ்சுச் சுருள்) இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயர் கேட்பாரில்லை, கணக்கு எழுதுவாரில்லை. இங்கே அது சட்டம். மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவை 2020 நவம்பர் 24 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேற்றியது. 2022 ஆகஸ்ட் 15 முதல் உள்ளாட்சி மன்றங்களும் பள்ளி, கல்லூரிகளும் தேவைப்படுகிற எல்லோருக்கும் மாதவிடாய்ப் பொருள்களை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். உலகில் முதன்முதலில் இப்படிச் சட்டம் போட்டது இந்தச் சின்ன நாடுதான். துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட், உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கிற சிலிகான் கப், இரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிற மாதவிடாய் உள்ளாடை போன்றவற்றையும் பல மன்றங்கள் கொடுக்கின்றன.

வரிக் கதை வேறு. பிரிட்டன் முழுவதும் நாப்கின் மீதிருந்த 5 சதவீத வரியை 2021 ஜனவரியில் எடுத்தார்கள். மாதவிடாய் உள்ளாடைக்கு மட்டும், அது உடைதானே என்று 20 சதவீதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை எடுக்க 2024 ஜனவரி வரை ஆனது. தூக்கி எறிகிற நாப்கினுக்கு வரி இல்லை, வருடக்கணக்கில் வைத்திருக்கிற உள்ளாடைக்கு வரி உண்டு என்று மூன்று வருடம் ஓடியது! அதிகாரிகள் எந்த ஊரிலும் அதிகாரிகள்தான்.

நான் இப்போது கப்தான் பயன்படுத்துகிறேன். என் வேலை பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்; முதியோர் இல்லத்தில் ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு நாப்கின் மாற்ற ஓட முடியாது. கப்பை அதிகபட்சம் பன்னிரண்டு மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்கிறார்கள், ஆனால் நான் இடைவேளையில் ஒருமுறை கொட்டிக் கழுவிவிடுகிறேன். முதலிரண்டு மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும். மடித்து வைப்பது, உள்ளே அது விரிந்துகொண்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எல்லாம் கைப்பழக்கம். மாதவிடாய் முடிந்ததும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, காற்றுப் போகிற துணிப்பையில் வைத்துவிடலாம். 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2019இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. கசிவு நாப்கினைவிட அதிகமில்லை என்றும், பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள் என்றும் அதில் வந்தது. மீதி முப்பது பேரும் ஒன்றும் குற்றவாளிகள் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் உனக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நீ கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருக்கிறாய். கப்பை அப்படியே இழுத்தால் அந்த உறிஞ்சலில் காப்பர்-டி இடம் மாறவோ வெளியே வந்துவிடவோ வாய்ப்பு உண்டு. அடிப்பகுதியை விரல்களால் அழுத்திக் காற்றை உள்ளே விட்ட பிறகே எடுக்க வேண்டும். உனக்கு அது போட்ட டாக்டரிடம் கேட்காமல் கப் வாங்காதே. உன் பெரிய மகளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். தொடக்கத்துக்கு மாதவிடாய் உள்ளாடை சுலபம்.

கேரளத்திலிருந்து வந்த ஒருத்தி என்னோடு வேலை செய்கிறாள். கப்பை நான் ஏதோ வெளிநாட்டு அதிசயம் போலப் பேசியதைக் கேட்டுச் சிரித்தாள். எர்ணாகுளம் பக்கத்துக் கும்பளங்கி பஞ்சாயத்தில் பெண்களுக்குக் கப் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊர் என்றே அறிவித்தார்களாம். இங்கிருந்து வாங்கி அனுப்ப வேண்டிய பொருளே அல்ல அது.

துணிப் பேடும் உள்ளாடையும் நான் வைத்திருக்கிறேன், கடைசி நாள்களுக்கு. முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் இரத்தக் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு மற்றத் துணிகளோடு 40 டிகிரியில் துவைக்கலாம். துணியை மென்மையாக்குகிற திரவத்தை ஊற்றவே கூடாது, ஈரத்தை உறிஞ்சும் தன்மை போய்விடும். இஸ்திரியும் கூடாது, நடுவில் இருக்கிற நீர்புகாத படலம் கெட்டுவிடும்.

இங்கே பெரிய தொல்லை காயவைப்பதுதான். நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, மழை விடுவதே இல்லை. நாங்கள் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் இருக்கிறோம். சமையலறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் துணி ஸ்டாண்டை விரித்து உள்ளாடை, பேட் எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நாம் சிறுமிகளாக இருந்தபோது துணியைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தானே காயவைப்போம்? அரை ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டு, தொடை இடுக்கில் புண்ணும் அரிப்புமாக நடந்ததை மறந்திருக்கமாட்டாய். வெயில் கொட்டுகிற ஊரில் ஒளித்துவைத்தோம். வெயிலே இல்லாத ஊரில் நடுவீட்டில் காயப்போடுகிறேன். பழைய துணியை விட்டு நாப்கினுக்கு வந்தபோது அம்மா பட்ட நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மறுபடியும் துணிக்குப் போவதானால் மொட்டைமாடிக் கொடியில், வெயிலில், எல்லார் கண்ணிலும் படும்படி காயவைப்பதாக இருந்தால் மட்டும் போ.

இனி அம்மா விஷயம்.

நான் வேலை செய்கிற இல்லத்தில் பாதிப் பேருக்கு மேல் கசிவு உண்டு. அங்கே படுக்கைக்கு ஒரு துணி விரிப்பு போடுகிறோம்: மேலே மெத்தென்ற துணி, நடுவில் உறிஞ்சும் அடுக்கு, அடியில் நீர்புகாத படலம், இருபுறமும் மெத்தைக்கு அடியில் செருகும் வால். நம் ஊர் ரப்பர் ஷீட்டைப் போல வியர்க்காது. ஆனால் இரவில் உடம்பில் கட்டுவது பெரும்பாலும் தூக்கி எறிகிற பேட்தான். அதற்குள் இருக்கிற துகள்கள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கித் தோலிலிருந்து விலக்கி வைத்துவிடுகின்றன. துணி அந்த அளவுக்குச் செய்யாது. வயதானவர்களின் தோல் மெல்லியது. ஈரத்திலேயே கிடந்தால் சிவந்து உரியும், அங்கிருந்து படுக்கைப் புண்ணுக்கு அதிக தூரம் இல்லை. ஆகவே அம்மாவுக்கு இரவு டயப்பரை நிறுத்தாதே. பகலில் சொட்டுச் சொட்டாகக் கசிவதற்குத் துவைக்கிற உள்ளாடை போதும். கட்டிலுக்கு விரிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தாலே நீ வாங்குகிற டயப்பர் பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கள் இல்லத்தில் துணி துவைக்க ஒரு தனி அறை, பெரிய இயந்திரங்கள், அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அழுக்குத் துணியை வெந்நீரில் கரைகிற சிவப்புப் பையில் கட்டிப் போட்டால், பையோடு இயந்திரத்துக்குள் போய்விடும். கையால் தொட வேண்டியதில்லை. 65 டிகிரியில் பத்து நிமிடம், இல்லாவிட்டால் 71 டிகிரியில் மூன்று நிமிடம் என்று விதி இருக்கிறது. நம் வீட்டில் அந்தத் துணி அறை யார்? நீதான். நாப்கின் செலவு மிச்சம், டயப்பர் செலவு மிச்சம் என்று அத்தான் எழுதுகிற கணக்கில் உன் காலை நேரம் எந்தப் பத்தியிலும் வராது. குப்பைக் கணக்கும் துவைப்பதைப் பொறுத்ததுதான். குழந்தைகளின் டயப்பரை வைத்து பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறை 2008இல் ஒரு கணக்குப் போட்டது. இரண்டரை வருடத்துக்குத் தூக்கி எறிகிறது 550 கிலோ கரியமில வாயு என்றால், சராசரியாகத் துவைக்கிறது 570 கிலோ. இயந்திரம் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால்தான் துணி நன்றாக முந்தும் என்றது அந்தக் கணக்கு. வெயில் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் வெயிலில் போட யாராவது மாடி ஏற வேண்டுமே. அத்தானும் பையனும் முறை வைத்து அலசிக் காயப்போட ஒப்புக்கொண்டால் மாறு. அவர்கள் முகம் சுளித்தால் டயப்பரையே வாங்கச் சொல், சங்கடப்படாதே.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டர். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதே. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல், இரத்த அழுத்த மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இங்கே செவிலியர் பேட் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் குறிப்பு எழுதச் சொல்வார்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எப்போது போனார், எப்போது கசிந்தது. நீயும் எழுதி டாக்டரிடம் காட்டு. இருமும்போது கசிகிறதா, போய்ச் சேர்வதற்குள் கசிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இருமும்போது என்றால் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி நல்ல பலன் தரும்: சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளுக்குள் இறுக்கி விட வேண்டும், ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். போய்ச் சேர்வதற்குள் என்றால் குற்றம் முழங்காலிலும் இருக்கலாம். கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி, வழியில் ஒரு இரவு விளக்கு, அவிழ்க்கச் சுலபமான உடை. அம்மா தண்ணீரைக் குறைத்திருப்பாள், எனக்குத் தெரியும். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் அவசரப்படுத்தும். சாயங்காலக் காபியை நிறுத்தட்டும், தண்ணீரை அல்ல.

இரண்டு படுக்கை விரிப்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று காயும்போது இன்னொன்றுக்கு. உள்ளாடை ஒன்றே ஒன்றுதான் அனுப்புவேன். அம்மாவுக்கு ஒத்துவந்தால் பிறகு வாங்கலாம். இடுப்பளவையும் தொடையளவையும் அங்குலத்தில் எழுது. தொடையில் தொளதொளவென்று இருந்தால் ஓரத்தில் கசிந்துவிடும். அளவு எடுக்கும்போது எதற்கு என்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. நிறமும் அவளையே கேள்.

அன்புடன்,
உன் தங்கை