அந்த 14 வருஷம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே புனேயில் மழை விட்டபாடில்லை. மற்றபடி நலம்.

உன் அண்ணன் மகனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதிலேயே மனசு நிற்கிறது. கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது என்றால் சின்ன விஷயமா? "இல்லாத கால் வலிக்குதுன்னு ராத்திரி கத்துறான், புத்தி பேதலிச்சுருச்சோ" என்று அண்ணி அழுகிறார்களாம். முதலில் அவர்களிடம் சொல்: அது பைத்தியம் இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. வலி நிஜம். நம்ம சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி கண்டார். கை இழந்தவர்களை, இருக்கிற இன்னொரு கையைக் கண்ணாடி முன் அசைத்து, அதன் பிம்பத்தை இல்லாத கையாகப் பார்க்க வைத்தார். சிலருக்கு வலி குறைந்தது. காலுக்கும் இப்போது செய்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காது, ஆனாலும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் செயற்கைக் கால். ஸ்டம்ப், அதாவது வெட்டுப்பட்டு மிஞ்சிய கால் பகுதி, மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும். அதைச் செயற்கைக் காலில் நுழைக்கும் குழிவான பகுதியான சாக்கெட் தளர்ந்து, தோல் உரசிப் புண்ணாகும். வெறுத்துப்போய் அவன் காலைக் கழற்றி மூலையில் போட்டால் திட்டாதீர்கள், சாக்கெட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹொகாடோ சேமா பெயர் கேள்விப்பட்டிருப்பாய். நாகாலாந்துக்காரர். 2002இல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் இரும்புக் குண்டை 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார், 40 வயதில். பேப்பரில் எல்லாம் பதக்கத்தைத்தான் எழுதினார்கள். ஆனால் அவர் குண்டெறிதலைத் தொடங்கியதே 2016இல்! இடையில் 14 வருஷம். அந்த வருஷங்களை யாரும் பெரிதாக எழுதவில்லை. உன் அண்ணன் மகன் இருப்பது அதன் முதல் வருஷத்தில். அதற்குள் "இவன் வாழ்க்கை முடிஞ்சுது" என்று உறவுக்காரர்கள் அவன் காதுபடப் பேசுவதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ராணுவ அதிகாரி இயன் கார்டோசோவை எடுத்துக்கொள். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரியால், அதான் கூர்க்காக்களின் வளைந்த கத்தியால், வெட்டிக்கொண்டவர். அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒற்றைக் காலோடு பட்டாலியனை நடத்த முடியும் என்று அதற்குப் பிறகு அவர் ராணுவத்தையே ஒப்புக்கொள்ள வைத்தது. நம் ராணுவத்தில் அப்படி ஒரு பட்டாலியனுக்குத் தலைமை ஏற்ற முதல் அதிகாரி அவர்தான்.

ஊரில் மாலை போட்டு வரவேற்றது நல்லதுதான். ஆனால் அவனை உட்கார வைத்தே சோறு போடாதீர்கள், மாப்ளே. தோட்டத்துக் கணக்கு, பேங்க் வேலை, எதையாவது அவன் பொறுப்பில் விடு. பாவப்பட்டுப் பிடுங்கிக்கொள்ளாதே.

இங்கே கிர்க்கீயில் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அடிபட்ட சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917இல் தொடங்கியது. செயற்கை உறுப்பு மையமும் புனேயில்தான். அவனுக்கு இஷ்டமிருந்தால் கூட்டிக்கொண்டு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் நம் வீட்டில் தங்கலாம். ஆனால் வருவதா வேண்டாமா என்பதை அவனே சொல்லட்டும். அவன் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பாரக் கூட்டாளி