லூயிஸ்பர்க்குக்கு ஈடாகக் கைமாறிய ஊர்

சென்னை நாள் விழா நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் நீங்கள் கூட்டிப்போகும் நடைகளுக்குத் தவறாமல் வருகிறவள் நான். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: மெட்ராஸ் பிறந்த 1639-ஐச் சொல்லும் நீங்கள், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த அந்த ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்த 1749-ஐயும் சொல்ல வேண்டும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் பெரும்படை, அவர் மகன் மாபூஸ்கான் தலைமையில் வந்து, அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் சின்னப் படையிடம் தோற்றது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள்: “அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்ச ஊரை ஏன் டீச்சர் திருப்பிக் கொடுத்தாங்க?”

பதில் இங்கே இல்லை. ஆஸ்திரிய அரியணைக்காக ஐரோப்பாவில் நடந்த போரில் பிரான்சும் இங்கிலாந்தும் எதிரெதிராக நின்றன; அதன் ஒரு பகுதிதான் இங்கே நடந்த சண்டை. 1748 அக்டோபர் 18 அன்று எக்ஸ்-லா-சப்பேல் நகரில் (இன்றைய ஜெர்மனியின் ஆகன்) உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்ததையெல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் லூயிஸ்பர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டை 1745-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. அது பிரான்சுக்கு, மெட்ராஸ் இங்கிலாந்துக்கு. காட் மீன் பிடிப்பை நம்பியிருந்த பனிக்கரை ஊர் ஒன்றும் கோட்டைக்கு வடக்கே நம் ஆட்கள் வாழ்ந்த கறுப்பர் நகரமும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. லூயிஸ்பர்க்கைப் போராடிப் பிடித்த நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்கு அந்த மாற்றத்தில் கடுங்கோபம். அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி வீடு வைத்திருந்து, பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததால் தெருவுக்கு வந்த நம் ஆட்களின் கோபத்தை யார் சொல்வது?

அந்தப் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்தார்கள். சென்னக்கேசவர் கோயிலும் போய், பிறகு தேவராஜ முதலி தெருவில் எழுந்தது. பாரிமுனையில் ஓர் எல்லைத் தூண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருப்போம்!

இன்னொரு அக்டோபர் 18-ம் உண்டு. 1954-இல் அதே தேதியில், புதுச்சேரிக்கு அருகே கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் 1956-இல் பிரான்சு ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1962-இல் அது நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஆறு மாத அவகாசமும் அதில் இருந்தது. மெட்ராஸ்காரர்களிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

அதனால் அக்டோபர் 18 அன்றும் ஒரு நடை வையுங்கள், தமிழில். எல்லைத் தூணில் தொடங்கி, உயர் நீதிமன்றச் சுவர் ஓரமாகப் போய், தேவராஜ முதலி தெருவில் முடிக்கலாம். வழியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து, 1746-இல் மெட்ராஸ் விழுந்த நாட்களை வாசிக்கலாம். புதுச்சேரியில் உட்கார்ந்து அதைத் தமிழிலேயே எழுதிவைத்தவர் அவர்.

வாசிக்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், காலை ஆறரைக்கே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
மண்ணடியிலிருந்து ஓர் ஆசிரியை