பயணத் திட்டத்தில் கார் ஓட்டுபவரையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் தென் தீவை நண்பர்களுடன் தாமே கார் ஓட்டிச் சுற்றிப் பார்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டெக்கபோ ஏரியின் நீல நிறத்தையும், ஆவோராக்கி மலையின் பனிமுடியையும் கட்டுரையாளர் விவரித்திருக்கும் விதம் அங்கே போய்வந்த எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கட்டுரையின் முடிவில் கொடுக்கப்பட்டுள்ள ஏழு நாள் பயணத் திட்டத்தைப் பார்த்ததும் கவலை ஏற்பட்டது. கோடை விடுமுறைக்கு முன்பதிவு செய்யும் காலம் இது. அத்திட்டத்தை அப்படியே பின்பற்றிப் பலர் புறப்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அத்திட்டத்தில் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டிய இடங்களும் கிலோமீட்டர்களும் இருக்கின்றன. அத்தனை கிலோமீட்டரையும் ஓட்டப் போகிறவர் மட்டும் அதில் எங்கும் இல்லை. காலையில் கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் இறங்கி, காரைப் பெற்றுக்கொண்டு, அன்று மாலைக்குள் டெக்கபோ சேர்ந்துவிடலாம் என்று முதல் நாளுக்கு எழுதப்பட்டுள்ளது. சுமார் 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. கடந்த ஆண்டு ஏப்ரலில் நண்பர்கள் ஆறு பேரும் இதே எண்ணத்தில்தான் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்றோம்.

அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கான்டர்பரி சமவெளியின் சாலைகள் நேர்க்கோடு போல நீள்பவை. வளைவு இல்லை, நெரிசல் இல்லை, ஹார்ன் சத்தம் இல்லை. அந்நாட்டின் பிற்பகல் இரண்டு மணி என்பது அந்தப் பருவத்தில் நமக்குக் காலை ஏழரை மணி. அதாவது, இரவு முழுவதும் விமான இருக்கையில் தூங்காமல் இருந்தவருக்குத் தானாகவே கண் சொருகும் நேரம். பின் இருக்கையில் இருந்த நாங்கள் நால்வரும் உறங்கிவிட்டோம். முன் இருக்கை நண்பர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நண்பருக்குச் சில நொடிகள் கண் மூடியிருக்கிறது. சாலையின் நடுக்கோட்டில் பதித்திருந்த சிறு மேடுகள் மீது சக்கரம் ஏறியபோது எழுந்த கடகட ஓசைதான் எங்கள் அனைவரையும் எழுப்பியது. எதிரே அப்போது வாகனம் ஏதும் வரவில்லை என்பதைத் தவிர, நாங்கள் பிழைத்ததற்கு வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு வேறொருவர் ஓட்டியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள். ஓட்டியிருக்க முடியாது. கூடுதல் ஓட்டுநருக்கான கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக வாடகை ஒப்பந்தத்தில் ஒரே ஒருவரின் பெயரைத்தான் பதிவு செய்திருந்தோம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. எனவே மெல்ல ஓட்டி ஜெரால்டின் என்னும் சிற்றூரை அடைந்து, கிடைத்த விடுதியில் அன்றிரவு தங்கினோம். டெக்கபோவில் முன்பதிவு செய்த அறைக்கான பணம் போயிற்று. கூடுதல் கட்டணத்தைக் காட்டிலும் அது பல மடங்கு. மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலும் இருவரின் பெயர்களைச் சேர்த்தோம்.

கட்டுரையின் நான்காம் நாள் திட்டம் இதைவிடவும் கவலை தருவது. குயின்ஸ்டவுனிலிருந்து புறப்பட்டு, மில்ஃபோர்டு சவுண்டு என்னும் மலைகள் சூழ்ந்த கடற்கழியில் படகுப் பயணம் முடித்து, அன்றிரவே குயின்ஸ்டவுன் திரும்பலாம் என்கிறது அது. வரைபடத்தில் இரண்டு இடங்களும் அருகருகே தெரிந்தாலும், இடையில் நிற்கும் மலைத்தொடரைக் கடக்க நேர்ச் சாலை இல்லை. தெற்கே தே அனாவ் என்னும் ஊர் வரை இறங்கி, அங்கிருந்து மீண்டும் வடக்கே ஏற வேண்டும். ஒரு வழிக்கே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலும் நான்கு மணி நேரம் ஆகும். வழியெங்கும் நிற்கத் தூண்டும் காட்சிகள்தான். எக்லின்டன் பள்ளத்தாக்கின் புல்வெளியும், 1954-இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதையின் வாயிலில் கார்களின் மீதே வந்து அமரும் கியா கிளிகளும் அவசரமாகக் கடந்து போகத் தக்கவை அல்ல. தே அனாவை விட்டால் பெட்ரோல் பங்கை எதிர்பார்க்கக் கூடாது. வழியின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் இல்லை. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடிவிடுவதும், பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் மாட்டும் சங்கிலியை எடுத்துச் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் உண்டு. மே மாதத்தில் அங்கே மாலை ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் ஊரின் கோடை விடுமுறை அவர்களுக்கு இலையுதிர் காலத்தின் இறுதி என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் திரும்பும் வழியில் பாதிக்கு மேல் இருளில், உறைபனி படியத் தொடங்கும் மலைச்சாலையில், காலை முதல் ஓட்டிக் களைத்த ஒருவர் ஓட்ட வேண்டியிருக்கும். தே அனாவில் இரண்டு இரவுகள் தங்கினால் இந்தச் சிக்கலே எழாது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆறு பேரும் மனம் நிறைந்து பேசுவது இன்றும் அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான்.

'அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே தமிழக ஓட்டுநர்களுக்குச் சிரமமே இல்லை' என்று கட்டுரையாளர் கூறுவதையும் முழுமையாக ஏற்க இயலவில்லை. இடப்பக்கம் ஓட்டுவது பெரிய வசதிதான். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவும் அங்கே செல்லும். ஆயினும் வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய என் நண்பருக்கே, அங்குள்ள ஒற்றை வழிப் பாலங்கள் புதிதாக இருந்தன. நெடுஞ்சாலை திடீரென ஒரு வாகனம் மட்டும் செல்லும் பாலமாகக் குறுகும். பாலத்துக்கு முன் சிவப்பு வட்டக் குறியீடு இருந்தால் நாம் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலச் செவ்வகம் இருந்தால் முன்னுரிமை நமக்கு. முதலில் விளக்கைப் போட்டவருக்கே வழி என்னும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே உயிருக்கு ஆபத்து. காட்சியை ரசித்துக்கொண்டு மெதுவாகச் செல்பவர்கள், பின்னால் வாகனங்கள் சேர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். படம் எடுப்பதற்காக நடுச்சாலையில் நிறுத்துவதை அவ்வூர் மக்கள் பொறுப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

நண்பர்களாகப் போகிறவர்கள் பேசத் தயங்கும் விஷயம் பணம். காருக்குச் சேதம் நேர்ந்தால் காப்பீட்டுக்கு முன்பாக நாம் ஏற்க வேண்டிய தொகை சில ஆயிரம் டாலர்கள் வரை போகக்கூடும். அதை ஓட்டியவர் மட்டும் கொடுப்பதா, எல்லோரும் பகிர்வதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எல்லோருக்காகவும் ஓட்டியவர் தலையில் அதைச் சுமத்துவது நட்புக்கு அழகல்ல. குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற சில வழிகளில் வாடகைக் காருக்குக் காப்பீடே செல்லாது என்பதும் குழுவினர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏழு இருக்கை வண்டியில் பின்வரிசையிலும் ஆட்கள் அமர்ந்தால் டிக்கியில் இரண்டு பெட்டிகளுக்குக்கூட இடம் இராது என்பதை நாங்கள் விமான நிலைய வாசலில்தான் உணர்ந்தோம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டு செல்பவர்கள் அவற்றை மறக்காமல் நுழைவுப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கிறார்கள்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறன்று வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு நாளுக்கும் கிலோமீட்டருடன் ஓட்டும் நேரத்தையும், சூரியன் மறையும் நேரத்தையும், கடைசிப் பெட்ரோல் பங்க் எங்கே என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்க வேண்டும், மில்ஃபோர்டு செல்பவர்கள் தே அனாவில் தங்க வேண்டும் என்னும் இரண்டு திருத்தங்களை மட்டுமாவது அதே பக்கத்தில் எடுப்பான கட்டத்தில் அச்சிட வேண்டுகிறேன். முதல் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு விமானச் சீட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அவர்களிடம் நான் நேரில் சொல்லிவிட்டேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குத் தாங்கள்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்