அசனம் முடிந்து நாலாம் நாள்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பெரிய அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் கோயிலில் முழங்கால் போட முடியவில்லை என்று வருத்தப்படுகிறாள். நீ எப்படி இருக்கிறாய்? வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. மும்பைத் தண்ணீர் உனக்கு ஆகாது, காய்ச்சிக் குடி.

போனை வைத்துக்கொண்டு ஏன் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நீ, "நல்லா இருக்கோம்மா, டூட்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடியும் வரைக்கும் படிப்பாய்.

கோயில் அசன விருந்து முடிந்து இன்றைக்கு நாலாம் நாள். மழை வந்துவிடும் என்று எல்லாருக்கும் பயம். சனிக்கிழமை சாயங்காலம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நம்ம சபைப் போதகர் ஐயர் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு மணி அடிக்கச் சொல்லி, இருந்த பேரை வைத்து ஜெபம் பண்ணினார். நாலு தூறலோடு போய்விட்டது. இந்த ஐயர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சின்ன வயசு, ஆனால் ராத்திரி முழுக்க அடுப்படியை விட்டு அகலவில்லை. பதினாலு கிடா. அரிசி ஒன்பது மூட்டை. உன் சிநேகிதர்கள் எல்லாரும் திருப்பூர், சென்னை, கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார்கள். கிடாரத்தைத் தூக்கி இறக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நீ இருந்தால் உப்புப் பார்க்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அப்புறம் அந்தக் கை உனக்குத்தான் வந்திருக்கிறது என்று உபதேசியார் இந்த வருஷமும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்து என்ன? நீ வந்து மூன்று அசனம் ஆகிவிட்டது.

நாங்கள் பெண்கள் கோயில் வராந்தாவில் உள்ளி உரித்தோம். பதினைந்து பேர், நடுவில் சாக்கை விரித்துக் குவியல். உரிக்கிற நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் வரும், உனக்குத் தெரியும். ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க மருமவ இந்த வருசமும் வரலியா?" என்றாள். உள்ளி உரிக்கிற இடத்தில் கண் கலங்கினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அது நல்லதாகப் போயிற்று.

கோயிலுக்கு நீ அனுப்பின வரிப்பணம் வந்து சேர்ந்தது. முந்தின ஞாயிறு ஆராதனை முடிவில் வரிப் பட்டியல் வாசித்தார்கள். எப்போதும் உன் பெயரை வாசித்து "மற்றும் குடும்பத்தார்" என்பார்கள். இந்தத் தடவை உன் பெயரோடு நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். கணக்கு எழுதுகிறவர் விட்டுவிட்டார் என்று நினைத்து, வெளியே வந்ததும் கேட்டேன். அவர் செல்போனை எடுத்து நீ பணம் போட்டதோடு அனுப்பியிருந்த எழுத்தைக் காட்டினார். அவர் ஒன்றும் விடவில்லை. நீ எழுதினதைத்தான் வாசித்திருக்கிறார். "சேர்த்துப் போட்டுக்கிடவா சித்தி?" என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தப்பு என்றால் சொல், திருத்திக்கொள்ளலாம்.

வேலை இருக்கிறதா உனக்கு? சம்பளம் சரியாகத் தருகிறார்களா? ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தானே படுக்கிறாய்? சமையல் யார் செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்கிறேன். வெறும் வயிற்றில் டீ மட்டும் குடிக்காதே.

காணிக்கை ஏலம் நன்றாகப் போனது. முதல் காய்ப்புத் தேங்காய், சேவல், வாழைத்தார், பூசணி எல்லாம் வந்தது. ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி வந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்த பிறகு நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு மவுசுதான், ஆனால் ஏற ஆள் இல்லை. நம்ம ஊரில் இப்போது பனை ஏறுகிறவர்கள் மூன்றே பேர். அப்பா இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்திருப்பார். அந்தக் கொட்டானை நான்தான் எடுத்தேன், 1,100 ரூபாய்க்கு. அத்தை திட்டினாள். "ரெண்டு கிழவிகளுக்கு எதுக்கு இம்புட்டுக் கருப்பட்டி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. உன் பிள்ளைக்குக் கருப்பட்டி என்றால் உயிர் அல்லவா, விரலை விட்டு நக்குவாளே.

கோயிலுக்குக் கொடுக்கிற கைப்பிடி அரிசிக் கலயம் இன்னும் அடுப்படியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. உலை வைக்கிற போதெல்லாம் ஒரு பிடி போடுகிறேன். எனக்கும் அத்தைக்கும் என்று ஒரு பிடி போட்டால் போதும், ஆனால் உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, பிள்ளைக்கு அரைப்பிடி என்று போட்டுக் கை பழகிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போன மாதம் அளந்தபோது நம்ம வீட்டு அரிசிதான் அதிகம். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவா என்று ஐயரம்மா ஆச்சரியப்பட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிற மணப்பாட்டுக் கருவாட்டுக்காரியை உனக்குத் தெரியும். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திண்ணையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க பேத்தி எங்கூருப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவுது, யூனிபாரம் போட்டு நேத்துக்கூடப் பாத்தேன்" என்றாள். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. நான் சாளைக் கருவாட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "ஆமா, கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருவிழா. அன்றைக்கு அத்தையிடம் உடன்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கே பஸ் மாறி மணப்பாட்டுக்குப் போனேன். என் வயசுக்கு அந்தத் திருவிழாவுக்கு இதுவரை போனதில்லை. அது அவர்கள் கத்தோலிக்கக் கோயில், நமக்கு என்ன என்று இருந்துவிட்டேன். இத்தனைக்கும் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மணல் குன்று மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடல். சவேரியார் 1542-இல் வந்து தங்கின குகை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் சனம். மெழுகுவர்த்தி வாங்குகிறவர்கள், மொட்டை போட்ட பிள்ளைகள், எந்தெந்த ஊரிலிருந்தோ வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். நம்ம ஆட்களிலும் தெரிந்த முகம் ரெண்டு மூன்று பார்த்தேன்.

அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத்தான் முதலில் கண்டேன். நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை. வளர வளர இறக்கிக்கொள்ளட்டும் என்று அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தேன். ரெண்டு மடிப்புப் பிரித்திருந்தது. பிரித்த இடத்தில் பழைய மடிப்பு வரி வெளுத்துத் தெரியாமல் இருக்க ஒரு மஞ்சள் லேஸ் வைத்துத் தைத்திருந்தது. கடையில் கொடுத்துத் தைத்தது இல்லை, கைத்தையல். அவள் தைத்ததுதான். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். மெலிந்துபோயிருக்கிறாள். நான் ஒரு மெழுகுவர்த்திக் கடைக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டேன். பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். என்னால் கூப்பிட முடியவில்லை.

ஏன் என்றால் கேள்.

ஆறு வருஷத்துக்கு முன்னே, உங்கள் கல்யாணம் முடிந்து வந்த முதல் அசனம். காலையில் ஸ்தோத்திர ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்தும் உண்டு. நீ ஆண்கள் பக்கம் இருந்தாய், அவள் என்னோடு பெண்கள் பக்கம் இருந்தாள். நம்ம வரிசை எழும்பினபோது அவளும் எழும்பினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டேன். "நீ நம்ம சபையில திடப்படுத்தல் எடுக்கல, போகக் கூடாது" என்று காதில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்க் கிராதியில் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நீளப் பெஞ்சில் அவள் ஒருத்திதான் இருந்தாள், தலையில் முக்காட்டோடு. கோயில் முழுக்கப் பார்த்தது.

மகனே, அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்போதிருந்த ஐயர் என்னிடம் சொல்லியிருந்தார்: "மருமகளும் வரட்டும் அம்மா, அவர்கள் சபையில் திடப்படுத்தலுக்கு உறுதிபூசுதல் என்பார்கள், அதை வாங்கினவர்கள்தானே, நம்ம பந்தி எல்லாருக்கும் திறந்ததுதான்." அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்தவள் நான். தெரியாமல் செய்யவில்லை. ரெண்டு கோயிலிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, எல்லாரும் சம்மதித்து நடந்த கல்யாணம். என் மனசுதான் சம்மதிக்கவில்லை. கடற்கரைப் பெண், வேற சபை, பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்று அதே நினைப்பு. அவளை ஒரு தடவையாவது நான்கு பேர் முன்னால் வெளியே நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி, "ஏன் வரல, எங்க கோயில் உனக்கு ஆகாதோ?" என்று நீ அவளிடம் கேட்டது திண்ணையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. "தலை சுத்திச்சு" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ நம்பவில்லை. உங்களுக்குள் வந்த முதல் சண்டை அது. அதற்குப் பிறகு ரெண்டு தடவை, "அவளுக்கு நம்ம சபை பிடிக்காதும்மா" என்று நீ என்னிடமே சொல்லியிருக்கிறாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஆட்கள் கேட்டால் வைவார்கள் என்று தெரிந்தும் உன்னோடு முழங்கால் போட எழும்பினவள் அவள்.

முப்பது வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் சொல்லிக்கொடுத்தேன். நீயும் என் வகுப்பில் இருந்தவன்தான். பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் 1910-இல் எடின்பரோவில், உலகத்து மிஷனெரிமார் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் எழும்பி, எங்களுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று கேட்டாரே, அந்தக் கதையை வருஷத்துக்கு ஒரு தரமாவது சொல்லாமல் விட்டதில்லை. அதைச் சொல்லி முடித்து, அன்பைப் பற்றின முதலாம் கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை மனப்பாடம் பண்ண வைப்பேன். தப்பாகச் சொன்னால் உன்னை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு நான் சிநேகிதியாக இல்லை.

உங்களுக்குள் இப்போது என்ன என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு நாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. என் மேல் கோபப்படு. பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். அந்தக் காரியத்தில் அவள் மேல் உனக்கு வருத்தம் இருந்தால் அதை எடுத்துவிடு, அது என்னுடையது.

நேற்று ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணப்பாட்டுக்கு எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். கருப்பட்டிக் கொட்டான் கட்டி வைத்திருக்கிறேன். நான் உனக்காகப் பேசப் போகவில்லை. என் காரியத்துக்காகப் போகிறேன். வேண்டாம் என்றால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் போன் போடு. ஆனால் வேண்டாம் என்று சொல்லாதே.

தண்ணீர் காய்ச்சிக் குடி. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலாக இருந்தாலும் போ. அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மழைக்கு முன்னே மொட்டை மாடியும் கழுவிவிட்டேன். மெஞ்ஞானபுரம் கோபுரம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. 192 அடி, 192 அடி என்று சின்னதில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாயே. பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். போன தடவை வந்தபோது என் இடுப்பில் இருந்துகொண்டு விரலை நீட்டி, "ஆச்சி, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பாவாடை தைக்க வேண்டும். சிவப்புத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இடுப்பளவும் உயரமும் எழுது. உனக்குத் தெரியாவிட்டால் அவளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா